பாக்கெட் மல்டிடூல் தினசரி வேலைக்குத் தாங்குமா? பத்து நாள் சோதனைப் பதிவு

பிளையர், கத்தி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒரே பிடிக்குள் மடங்கும் மல்டிடூல் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக இழுத்து எண்ணிப் பார்ப்பது. பதினெட்டு, இருபத்தொன்று என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். பாட்டில் திறப்பான், பிடியில் செதுக்கிய அளவுகோல், கயிறு மாட்டும் வளையம் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. வேலைக்கு ஆகுமா என்பதை அந்த எண் சொல்லாது. ஒரு நாளில் கை எத்தனை தடவை பாக்கெட்டுக்குப் போகிறது, போன தடவையெல்லாம் வேலை முடிந்ததா, முடிந்தபோது ஸ்க்ரூவும் நட்டும் முழுசாக இருந்தனவா, இந்த மூன்றும்தான் சொல்லும். மூன்றாவதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. இந்தப் பதிவில் பாதி அதைப் பற்றியதுதான்.

முதலில் ஒரு தாள்

கருவியைத் தொடுவதற்கு முன் ஐந்து வேலை நாட்களுக்கு ஒரு தாளை மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு, ஸ்க்ரூ, பிடித்துத் திருகல், நெம்பல், மற்றவை என ஐந்து தலைப்பு. ஏதாவது ஒரு கருவி தேவைப்படும்போதெல்லாம் அந்தத் தலைப்பின் கீழே ஒரு குறி. கருவிப்பெட்டி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் புள்ளி. எழுந்து போய், அல்லது ஏணியிலிருந்து இறங்கி எடுக்க வேண்டியிருந்தால் கோடு.

மல்டிடூலுக்குக் கணக்கு கோடுகள் மட்டும்தான். ஒர்க்‌பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்பவரின் தாளில் பெரும்பாலும் புள்ளியாகவே விழும். நல்ல ஸ்க்ரூடிரைவர் கையருகே இருக்கும்போது பாக்கெட்டில் உள்ளதை எடுக்க எந்தக் காரணமும் இல்லை. மேசைக்கு அடியில் கேபிள் இழுப்பவர், கூரைமேல் ஏறுபவர், கிடங்கில் அலைபவர், மேடையில் விளக்கு கட்டுபவர், இவர்கள் தாளில் கோடு நிறைய விழும்.

கோடுகள் எந்தத் தலைப்பில் குவிகின்றன என்பதையும் பாருங்கள். பத்துக்கு எட்டு வெட்டு என்றால் பிளையர் வைத்த கனமான கருவி தேவையே இல்லை. ஒரு மடக்குக் கத்தி, அல்லது கத்தரிக்கோல் உள்ள 91 மி.மீ. ஸ்விஸ் ரகக் கத்தி போதும். இந்த இரண்டு குடும்பங்களும் வேறு வேறு எண்ணத்தில் பிறந்தவை. 1897இல் வந்த ஸ்விஸ் அதிகாரி கத்தி, கத்தியை நடுவில் வைத்து மற்றதைச் சுற்றி அடுக்கியது. 1983இல் டிம் லெதர்மேன் விற்பனைக்குக் கொண்டுவந்த பி.எஸ்.டி. (பாக்கெட் சர்வைவல் டூல்), பிளையரை நடுவில் வைத்து மற்றதைப் பிடிக்குள் மடித்தது. பிடித்துத் திருகும் வேலை தாளில் வராதவர் இரண்டாவது குடும்பத்தின் கனத்தைச் சும்மா சுமக்கிறார்.

கனம்: வாங்காமலே சோதிக்கலாம்

அளவு தெரிந்துகொள்ள சில எடைகள்: லெதர்மேன் ரகங்களில் ஸ்கெலிடூல் சுமார் 142 கிராம், வேவ் பிளஸ் 241 கிராம், சர்ஜ் 355 கிராம். மடித்த நிலையில் வேவ் பிளஸ் 10 செ.மீ. நீளம், சர்ஜ் அதைவிட ஒன்றரை செ.மீ. அதிகம். காகிதத்தில் பார்த்தால் நூறு கிராம் வித்தியாசம் ஒன்றுமே இல்லை போலத் தெரியும். இடுப்புக்குத் தெரியும்.

நட்டுகளைத் தராசில் 240 கிராம் வரும்வரை அள்ளி, 10 செ.மீ. நீளம், 2 செ.மீ. தடிமனில் கட்டையாக டேப் சுற்றுங்கள். அதை இரண்டு நாள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். குனியும்போது தொடையில் குத்துகிறதா, நாற்காலியில் உட்கார்ந்ததும் எடுத்து மேசைமேல் வைக்கிறீர்களா, அதே பாக்கெட்டில் செல்போனும் போகிறதா என்று கவனியுங்கள். மேசைமேல் வைக்கப்பட்ட நேரமெல்லாம் அது பாக்கெட் கருவி இல்லை, சின்னக் கருவிப்பெட்டி. இரண்டாம் நாள் மாலைக்குள் மூன்று முறைக்கு மேல் வெளியே எடுத்து வைத்திருந்தால் ஒன்று எடையைக் குறையுங்கள், இல்லை பெல்ட் உறைக்கு மாறுங்கள். கிளிப் இரண்டுக்கும் நடுவே. ஆனால் கிளிப்பில் மாட்டியது ஏணிக் கம்பியிலும் நாற்காலிக் கையிலும் உரசிக் கழன்று விழும். உயரத்தில் வேலை செய்பவர் கயிறு கட்டாமல் கிளிப்பை நம்பக்கூடாது.

பெட்டியைத் திறந்ததும் பார்க்க வேண்டியவை

பிளையரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். லேசாக அழுத்தும்போது நுனி முதலில் சேர்ந்து, அடியில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் சரி. அழுத்த அழுத்த அந்த இடைவெளி மூடும். அடி முதலில் சேர்ந்து நுனி திறந்தே நின்றால் அது எதையும் நுனியால் பிடிக்காது. சோதிக்க எளிய வழி: சாதாரண அச்சுத் தாள் சுமார் 0.1 மி.மீ. தடிமன். அதில் ஒரு கீற்று வெட்டி நுனியில் பிடித்து மறு கையால் இழுங்கள். கிழிந்து வந்தால் நல்லது; முழுசாக உருவிக்கொண்டு வந்தால் நுனி சேரவில்லை.

அடுத்து ஆட்டம். இரண்டு பிடியையும் தனித்தனியாகப் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல் எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். தாடைகள் ஒன்றின்மேல் ஒன்று பக்கவாட்டில் நகர்ந்தால் கம்பி வெட்டும்போது வாய்கள் நேருக்கு நேர் சேராது. கம்பி வெட்டுப்படாமல் நடுவில் மடங்கிச் செருகிக்கொள்ளும். கத்தி அலகிலும் இதே சோதனை. பக்கவாட்டில் துளி ஆட்டம் மன்னிக்கலாம், அதைத் திருகாணி இறுக்கிச் சரிசெய்யலாம். வெட்டும் திசையில், அதாவது மேலும் கீழும் ஆடினால் குறை பூட்டில் இருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

பூட்டு: அலகைத் திறந்து பூட்டிய பின், பிடியை இரு பக்கமும் விரலால் கவ்வி, அலகு மடங்கும் பாதையில் ஒரு விரல்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டு, அலகின் முதுகை மரக்கட்டையில் லேசாகத் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், கதவு தட்டும் அளவு போதும். விட்டுக்கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூட்டே இல்லாமல் ஸ்பிரிங்கால் மட்டும் நிற்கும் ரகமும் உண்டு, அது குறையல்ல. அதைக் கொண்டு குத்தக்கூடாது, அவ்வளவுதான்.

இந்த நிலையில் தாடை, வெட்டுவாய், ஸ்டார் முனை, அலகின் நுனி நான்கையும் செல்போனில் நெருக்கமாகப் படமெடுத்து வையுங்கள். பத்தாம் நாள் தேவைப்படும்.

திறக்கும் சோதனை

நகம் வைத்து இழுக்கும் கருவிகளை வீட்டில் சோபாவில் உட்கார்ந்து இருபது தடவை திறப்பது எளிது. கையுறை போட்டுக்கொண்டு, பிறகு கையில் எண்ணெய் தடவிக்கொண்டு திறந்து பாருங்கள். நீங்கள் அடிக்கடி தேடும் இரண்டு கருவிகளை மட்டும் இப்படிச் சோதித்தால் போதும். ஒன்றை இழுத்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து எழும்பி வருகிறதா என்றும் பாருங்கள். புதுசில் இது இருந்து, எண்ணெய் விட்டு ஐம்பது தடவை திறந்து மூடியதும் சரியாகிவிடுவது உண்டு. அதற்குப் பிறகும் வந்தால் அது அமைப்பிலேயே உள்ள குறை.

எது வெளியே, எது உள்ளே என்பதும் முக்கியம். பல பிளையர் ரகங்களில் ஸ்க்ரூடிரைவரை எடுக்க முதலில் பிளையரை விரித்து, பிடிக்குள்ளிருந்து அதை இழுத்து, மறுபடி பிடிகளை மூட வேண்டும். இரண்டு கையும் வேண்டும். ஏணியில் நிற்கும்போது இரண்டாவது கை எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ: இங்கேதான் தோற்கும்

கத்தி எல்லா மல்டிடூலிலும் ஏறக்குறைய நன்றாகவே இருக்கும். மாட்டிக்கொள்வது ஸ்க்ரூடிரைவரில். மூன்று காரணம்.

ஒன்று, முனையின் வடிவம். பிடிக்குள் இடம் போதாது என்பதற்காகப் பல கருவிகளில் ஸ்டார் முனையைத் தட்டையாகச் செய்திருப்பார்கள். நான்கு இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் முழுசாக இருக்கும்; மற்ற இரண்டும் பெயருக்கு. மார்க்கர் பேனாவால் முனை முழுவதும் மை தடவி, காயவிட்டு, பி.எச். 2 அளவுள்ள (பி.எச். என்பது பிலிப்ஸ், அதாவது சாதாரண ஸ்டார்) ஒரு ஸ்க்ரூ தலையில் அழுத்திக் கால் சுற்று திருப்பி எடுங்கள். மை எங்கே உரிந்திருக்கிறதோ அங்கேதான் இரும்பு இரும்பைத் தொடுகிறது. முழு வடிவ முனையில் நான்கு இறக்கையிலும் நீளமாக உரிந்திருக்கும். தட்டை முனையில் இரண்டே கீற்று. அந்த இரண்டு கீற்றுமேல்தான் முழு முறுக்கமும் ஏறுகிறது. பிலிப்ஸ் பள்ளத்தின் சுவர்கள் உள்நோக்கிச் சரிந்திருப்பதால் திருப்பும் விசையில் ஒரு பங்கு முனையை வெளியே தள்ளும். தொடும் பரப்பு குறையக் குறைய அந்தத் தள்ளலைக் கையால் அமுக்கி ஈடுகட்ட வேண்டும். ஒரு நொடி கை தளர்ந்தால் வழுக்கும். வழுக்கிய ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூ தலை கொஞ்சம் தேயும்.

இதே வேலையில் இன்னொரு குழப்பம்: ஸ்டார் எல்லாம் ஒன்றல்ல. நான்கு பெரிய கோட்டுக்கு நடுவே தலையில் மெல்லிய நான்கு கீறல் தெரிந்தால் அது போஸிடிரைவ். அறைகலன் ஸ்க்ரூக்களில் நிறைய வரும். பிலிப்ஸ் முனை அதில் உட்காரும், ஆடிக்கொண்டே உட்காரும். அங்கே தலை தேய்ந்தால் குறை கருவியிலும் இல்லை, கையிலும் இல்லை.

இரண்டு, எட்டும் தூரம். ஒயர்களை இணைக்கும் டெர்மினல் பிளாக், சாக்கெட் தகடு, பிளாஸ்டிக் மூடியின் ஆழத்தில் ஒளிந்த ஸ்க்ரூ, எல்லாவற்றிலும் குழி சின்னது, ஆழம் அதிகம். மல்டிடூலின் முனை 15 முதல் 20 மி.மீ.யிலேயே அகலமாகி, பிடியின் தோள் குழி விளிம்பில் முட்டும். நீங்கள் வழக்கமாகக் கழற்றும் மூன்று இடங்களில் குழியின் ஆழத்தை ஒரு குச்சி விட்டு அளந்து, கருவியின் ஒல்லியான பகுதியின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு நிமிட வேலை. பாதிப் பேருக்கு முடிவு இங்கேயே தெரிந்துவிடும்.

மூன்று, அச்சு. சாதாரண ஸ்க்ரூடிரைவரில் பிடியின் நடுக்கோடும் முனையின் நடுக்கோடும் ஒன்று. மல்டிடூலில் முனை பிடியின் ஒரு ஓரத்திலிருந்து கிளம்புகிறது. திருப்பும்போது பிடி சுழல்வதில்லை, முனையைச் சுற்றி வட்டமிடுகிறது. அதனால் முனை சாயும், சாய்ந்தால் வழுக்கும். மற்றக் கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முனையின் கழுத்தைச் சுற்றித் தளர்வாகப் பிடித்து, முழுச் சுற்று சுற்றாமல் அரைச் சுற்று அரைச் சுற்றாக எடுத்தால் பெரும்பாலும் நிற்கும்.

சோதனை: கடின மரத்துண்டில் 3 மி.மீ. துளை போட்டு, 4 மி.மீ. தடிமன், 30 மி.மீ. நீள ஸ்க்ரூ ஒன்றைப் பத்துத் தடவை முழுக்க ஏற்றி இறக்குங்கள். மென்மரம் வேண்டாம், அதில் எல்லாக் கருவியும் தேர்ச்சி பெறும். பக்கத்தில் அதே மாதிரி புது ஸ்க்ரூ ஒன்றை நல்ல ஸ்க்ரூடிரைவரால் பத்துத் தடவை. இரண்டு தலைகளையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மல்டிடூல் ஏற்றிய தலையில் பள்ளத்தின் ஓரங்கள் மினுங்கலாம், அது பரவாயில்லை. ஓரம் சுருண்டு பிசிறு எழுந்திருந்தால் இந்தக் கருவியை அவசரத்துக்கு மட்டும் வையுங்கள்.

மாற்று பிட் போடும் ரகங்கள் இதில் வெகுதூரம் முன்னே. ஆனால் எந்த பிட் என்று பாருங்கள். கடைகளில் கிடைப்பது 6.35 மி.மீ. அறுகோணம். லெதர்மேனின் பல ரகங்கள் எடுப்பது தட்டையாக அமுக்கிய அவர்களுடைய சொந்த பிட்; சாதாரண பிட் அதில் போகாது, நீட்டிப்பான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்விஸ் கத்தி நிறுவனமான விக்டரினாக்ஸின் சைபர்டூல் எடுப்பது 4 மி.மீ. பிட். தொலைந்துபோன பிட் ஒன்றை மாற்ற எத்தனை நாளாகும் என்பதும் கருவியின் தகுதியில் சேர்த்திதான்.

எதிர்த் திசையிலும் ஒரு ஆபத்து உண்டு. பிடியை 90 பாகைக்கு மடித்து 'எல்' வடிவில் வைத்துத் திருப்பினால் வலு எக்கச்சக்கம். சாதாரண எம்3 (3 மி.மீ. விட்டமுள்ள) எஃகு திருகாணிக்கு வேண்டிய முறுக்கம் 1.2 நியூட்டன் மீட்டருக்குப் பக்கம். 10 செ.மீ. நெம்புகோலில் அதற்கு 12 நியூட்டன் போதும், அதாவது ஒன்றேகால் கிலோ தூக்கும் விசைக்கும் கொஞ்சம் குறைவு. விரல் நுனியால் தள்ளினாலே ஆயிற்று. இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினால் தலை தனியாகக் கையில் வரும். பிளாஸ்டிக்கில் ஏறும் ஸ்க்ரூ என்றால் மரை போய்விடும்.

பிளையரும் வெட்டுவாயும்

பிளையரின் வலு எங்கே பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கீலிலிருந்து கை அழுத்தும் இடம் 8 செ.மீ., தாடை நுனி 3.5 செ.மீ. என்று வையுங்கள். நுனியில் கையின் விசை இரண்டே கால் மடங்குதான். கீலிலிருந்து 1 செ.மீ.யில் இருக்கும் வெட்டுவாயில் எட்டு மடங்கு. எனவே கம்பியை எப்போதும் அடிவரை தள்ளி வெட்ட வேண்டும். நுனியில் வைத்து அழுத்தி, வெட்டுப்படாததால் பக்கவாட்டில் ஆட்டி அறுப்பதுதான் கீல் தளர்வதற்கும் தாடை ஒன்றையொன்று தாண்டிப்போவதற்கும் முதல் காரணம்.

வெட்டிப் பார்க்க வேண்டிய வரிசை: கேபிள் டை, பிறகு 2.5 ச.மி.மீ. ஒற்றைச் செம்புக் கம்பி (விட்டம் சுமார் 1.8 மி.மீ.), பிறகு 1.6 மி.மீ. மென் இரும்புக் கட்டுக்கம்பி. ஒவ்வொன்றிலும் பத்து வெட்டு. முடிந்ததும் வெட்டுவாயில் நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். தடுக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. மென் இரும்பிலேயே பள்ளம் விழுந்தால் எஃகின் பதம் சரியில்லை.

ஸ்பிரிங் கம்பியை வெட்டுவாயில் வைக்கவே கூடாது. எது ஸ்பிரிங் கம்பி என்று தெரியாவிட்டால் வளைத்துப் பாருங்கள். வளைத்த இடத்திலேயே நின்றால் மென்கம்பி, வெட்டலாம். துள்ளி நேரானால் விட்டுவிடுங்கள். சில கருவிகளில் தாடைக்கு அடியில், கீலை ஒட்டி, கடினக் கம்பிக்கென்று தனிப் பள்ளம் இருக்கும், அதுவும் அளவோடுதான். வெட்டுவாயைத் தனியே கழற்றி மாற்றும் வசதி உள்ள ரகம் (வேவ் பிளஸ்ஸில் உண்டு) கம்பி வேலை அதிகம் உள்ளவருக்குக் கூடுதல் எடைக்கு ஈடு. சைக்கிள் பிரேக் ஒயர் போன்ற முறுக்குக் கம்பியைப் பெரும்பாலான மல்டிடூல்கள் சுத்தமாக வெட்டாது. இரண்டு வாயும் நேருக்கு நேர் நசுக்கி வெட்டுவதால் இழைகள் பிரிந்து துடைப்பமாகும். அதற்குக் கத்தரிபோல் ஒன்றையொன்று தாண்டும் வெட்டி வேண்டும்.

நட்டு திருகுவது பற்றிச் சுருக்கமாக: செய்யாதீர்கள். எம்6 நட்டின் தட்டை முகங்களுக்கு இடையே 10 மி.மீ., எம்8க்கு 13 மி.மீ. தாடைகள் விரியும்போது இணையாக நிற்பதில்லை, கோணமாக நிற்கும். ஆக நட்டின் இரண்டு மூலையை மட்டும் பிடிக்கும், இறுக்கமான நட்டில் அந்த மூலைகள் உருண்டுவிடும். அடுத்து வருபவர் ஸ்பேனரோடு வந்து திட்டுவார். ஸ்பேனரால் போல்ட்டைத் திருப்பும்போது பின்பக்க நட்டு சுழலாமல் பிடித்துக்கொள்ள மல்டிடூல் நன்றாகவே உதவும்.

இறுக்கி அழுத்தும்போது பிடியின் ஓரம் உள்ளங்கையில் பதிகிறதா என்று ஒரு நிமிடம் தொடர்ந்து பிடித்துப் பாருங்கள். தகடு மடித்துச் செய்த பழைய பாணிப் பிடிகள் கோடு போடும். இரண்டு பிடிக்கும் நடுவே விரலை விடாதீர்கள். கம்பி திடீரென்று அறுபடும்போது பிடிகள் மோதிக்கொள்ளும்.

மின்சாரம்

மல்டிடூல் முழுக்க உலோகம். பிடிமேல் ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒட்டியிருந்தாலும் அது பிடிமானத்துக்கு, காப்புக்கு அல்ல. மின்னோட்டமுள்ள இடத்தில் வேலை செய்யத் தக்க கருவி என்றால் ஐ.இ.சி. 60900 என்ற சர்வதேச மின்காப்புத் தரத்தில் சோதிக்கப்பட்டு, இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பிடியில் இருக்கும். அது இல்லாத எதையும் மின்சாரத்தை அணைத்து, டெஸ்டரால் உறுதி செய்த பிறகுதான் உள்ளே விட வேண்டும். 12 வோல்ட் வண்டி பேட்டரியையும் லேசாக எண்ண வேண்டாம். பாஸிட்டிவ் முனையைத் திருகும் மல்டிடூலின் மறுமுனை வண்டியின் உடம்பைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். கருவி பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொள்ளும், கை வேகும். நெகட்டிவ்வை முதலில் கழற்றுவது இதற்காகத்தான்.

ஒயரின் தோலைக் கத்தியால் சீவும்போது இழைகளில் கீறல் விழும். இறுக்கியபின் அந்த இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். ஸ்டிரிப்பர் பள்ளம் என்று பிடியில் இருப்பதும் ஒரே அளவுக்குத்தான் பொருந்தும். தினமும் ஒயர் உரிப்பவர் தனி ஸ்டிரிப்பரோடு இருப்பதே மேல்.

கத்தி, மற்றவை

அட்டைப்பெட்டி அலகைத் தின்னும். அட்டைக்குள் இருக்கும் மண் துகளும், டேப்பின் பசையும் சேர்ந்து ஒரு வாரத்தில் முனையை மழுக்கிவிடும். இரண்டு அலகு உள்ள கருவியில் பல் அலகை அட்டைக்கும் கயிற்றுக்கும் ஒதுக்கி, நேர் அலகைத் தனியே காப்பாற்றுங்கள். சோதனை: முதல் நாள் தொங்கவிட்ட அச்சுத் தாளை அலகு இழுக்காமல் சீவ வேண்டும். ஐம்பது பெட்டி திறந்த பின் மறுபடி சீவிப் பாருங்கள். தாள் மாட்டிக் கிழியும் இடம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சாணை பிடிக்கக் கோணம் 15 முதல் 20 பாகை. கண்ணால் கணிக்க வேண்டாம். அலகின் அகலம் 18 மி.மீ. என்றால் முதுகைக் கல்லிலிருந்து 5 மி.மீ. உயர்த்தினால் சுமார் 16 பாகை. 5 மி.மீ. உயரத்துக்கு அட்டைத் துண்டுகளை அடுக்கி ஒரு தடவை வைத்துப் பார்த்துக் கையைப் பழக்கிவிடலாம். 1000 எண் கல்லில் பக்கத்துக்கு இருபது இழுப்பு, பிசிறு மறுபக்கம் வந்ததும் திருப்பிப் போடுங்கள். பல மல்டிடூல்களில் வரும் 420எச்.சி. எஃகு சீக்கிரம் மழுங்கும், அதைவிடச் சீக்கிரம் கூர் ஏறும். வேலை செய்பவருக்கு அது நல்ல வியாபாரம்.

கத்தரிக்கோல் மேசை வேலைக்காரர்களின் தாளில் எதிர்பார்த்ததைவிட அதிகம் வரும். அதன் சின்ன ஸ்பிரிங் ஒடிவதுதான் குறை, தனியாகக் கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரம்பம் கட்டைவிரல் தடிமன் கிளையை நன்றாக அறுக்கும். அரம், பிசிறு எடுக்க. குத்தூசி பூட்டாத ரகமானால் விரல்மேல் மடங்கும். டின் திறப்பான் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நெம்புவதற்குப் பெரிய தட்டை முனையைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். கத்தி நுனி ஒடிந்த மல்டிடூல்களில் பெரும்பாலானவை நெம்பி ஒடிந்தவை.

பத்து நாள் தாள்

இப்போது கருவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மறுபடி தாள் எழுதுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் மூன்றில் ஒரு முடிவு: 'முடிந்தது'; 'முடிந்தது, ஆனால் கெட்டது'; 'பெட்டிக்குப் போக வேண்டி வந்தது'. அலுவலகத்தில் கணினி, கேபிள் பார்ப்பவரின் ஒரு நாள் தாள் இப்படி வரும்:

9:40, கேபிள் டை ஆறு, முடிந்தது.
10:15, மேசைக்கடி கேபிள் தட்டு, பி.எச். 2 ஸ்க்ரூ இரண்டு, முடிந்தது, ஒன்றில் தலை தேய்வு.
11:50, மானிட்டர் பின்தகடு, எம்4 ஸ்க்ரூ நான்கு, இரண்டில் தோள் முட்டியது, பெட்டி.
2:30, டெர்மினல் பிளாக், முனை எட்டவில்லை, பெட்டி.
4:05, அட்டைப்பெட்டி ஒன்பது, முடிந்தது, அலகில் பசை.

இந்தத் தாளில் வெட்டு எல்லாம் தேறியது, ஸ்க்ரூ எல்லாம் இழுபறி. இவருக்கு இன்னும் பெரிய மல்டிடூல் உதவாது. சின்னதாக ஒன்றும், கூடவே பேனா நீளத்தில் பிட் மாற்றும் ஸ்க்ரூடிரைவர் ஒன்றும்தான் சரியான விடை. இரண்டும் சேர்ந்தும் பெரியதின் எடைக்குள் அடங்கும்.

'பெட்டி' என்ற முடிவு மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் கருவி அந்த வேலைக்கு ஆகும் என்று கொள்ளலாம். எந்தப் பாக்கெட் கருவியும் எல்லாவற்றையும் முடிக்காது. 'கெட்டது' என்ற முடிவுக்கு இந்தத் தாராளம் கிடையாது. பத்து நாளில் இரண்டுக்கு மேல் வந்தால் அந்தக் குறிப்பிட்ட வேலையை அந்தக் கருவியிடமிருந்து பிடுங்கிவிடுங்கள். பெட்டிக்கு நடந்ததில் போனது இரண்டு நிமிடம். தேய்ந்த ஸ்க்ரூவை எடுக்க, தலையில் துளை போட்டு, தேய்ந்த ஸ்க்ரூவைக் கவ்வி எடுக்கும் எக்ஸ்டிராக்டர் ஏற்றி, மரை பார்த்து முடிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும். அதுவும் பெரும்பாலும் இன்னொருவருடைய அரை மணி நேரம்.

பராமரிப்பு

பாக்கெட்டில் கிடக்கும் கருவியின் எதிரி துணிப் பஞ்சும் வியர்வையும். ஸ்டெயின்லெஸ் என்றால் துரு பிடிக்காது என்பதல்ல, மெதுவாகப் பிடிக்கும் என்பதுதான். முதல் புள்ளி வெட்டுவாயின் அடியிலும் நக வெட்டின் உள்ளேயும் வரும்.

மாதம் ஒரு முறை: பல் குத்தும் குச்சியால் பிடிக்குள் இருக்கும் பஞ்சை எடுங்கள், பூட்டு நாக்கின் கீழே தங்கியதை முக்கியமாக எடுக்க வேண்டும், அது இருந்தால் பூட்டு பாதி தூரம்தான் ஏறும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, கருவியை முக்கி ஒவ்வொன்றையும் பத்துத் தடவை திறந்து மூடுங்கள். அலசி, உதறி, எல்லாவற்றையும் விரித்து இரவு முழுக்கக் காயவிடுங்கள். கீலுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். சமையல் எண்ணெய் சில வாரத்தில் பிசினாகி எல்லாவற்றையும் ஒட்டிவிடும். வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் மிச்சமிருந்தால் அடுத்த நாளே தூசி சேர்த்து அரைக்கும். பூட்டு நாக்கு அலகைத் தொடும் முகத்தைக் கட்டாயம் துடைக்க வேண்டும். அங்கே எண்ணெய் இருந்தால் வழுக்கும்.

கீல் திருகாணி தளர்ந்தால் எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் இறுக்கி, திறந்து பார்த்து, வேண்டுமானால் இன்னொரு எட்டில் ஒன்று. பெரும்பாலும் டார்க்ஸ் தலை, அதாவது ஆறு முனை நட்சத்திரப் பள்ளம். நடுவில் குமிழ் இருந்தால் நடுவில் துளையுள்ள முனை வேண்டும். வாராவாரம் தளர்ந்துகொண்டே இருந்தால் கழற்றி, மரையில் மட்டும் நடுத்தர வலுவுள்ள திரெட்லாக்கர் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஊசி முனையளவு வைத்து ஏற்றுங்கள். கீலின் முகத்தில் அது பட்டால் கருவி திறக்க முடியாதபடி இறுகிவிடும்.

வேலைக்கு விமானத்தில் போகிறவர் கத்தியுள்ள மல்டிடூலைக் கைப்பையில் வைத்துவிட்டு மறந்தால் பாதுகாப்புச் சோதனையில் இழப்பார். பதிவு செய்யும் பெட்டியில் போடுங்கள். பூட்டும் அலகைப் பொது இடத்தில் வைத்திருப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும்.

பத்தாம் நாள் மாலை முதல் நாள் செய்த அத்தனையையும் அதே வரிசையில் திரும்பச் செய்யுங்கள். தாடையில் தாள் கீற்று, பிழிந்து பார்த்தல், முதுகைத் தட்டுதல், தாள் சீவல், மார்க்கர் மை. முதல் நாள் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார் முனையின் இரண்டு இறக்கையின் ஓரம் உருண்டு மினுங்கினால் அது இனி எந்த ஸ்க்ரூவையும் தின்னும். தட்டையான அரத்தால் முகத்தைச் சீவித் திரும்பக் கொண்டுவரலாம், இரண்டு முறைக்கு மேல் முடியாது. வெட்டுவாயில் பள்ளம் ஒன்றே ஒன்று என்றால் கம்பியை அந்த இடம் தவிர்த்து வைத்து வெட்டுங்கள். தாடை நுனி முதல் நாள் பிடித்த கீற்றை இன்று விட்டுவிட்டால் இந்தப் பத்து நாளில் எங்கேயோ அதை வைத்து நட்டு திருகியிருக்கிறீர்கள். தாளில் தேடிப் பாருங்கள், நாளும் மணியும் அதிலேயே இருக்கும்.